உல்ல மீனுக்கு ஏற்ற வலை: கண்ணளவைத் தேர்தலும் வலை முடைதலும்

கங்கையின் கழிமுகத்தில் தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் கடலோடு கலக்கத் தொடங்கியதும், வெள்ளி நிறமுடைய ஒரு மீன் திரள் திரளாக ஆற்றினுள் ஏறுகின்றது. வங்க மக்கள் இதனை இலிஷ் என்பர். தெலுங்கர் கோதாவரியில் ஏறும் இதே மீனைப் புலசா என்பர். தமிழில் இதற்கு உல்லம் என்பது பெயர். 1822ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இம்மீனை முதன்முதலாக விவரித்தார். இன்று விஞ்ஞானிகள் இதனை டெனுவாலோசா இலிஷா என வழங்குகின்றனர்.

உல்லத்தைப் பிடிக்கும் வலை எவ்வாறு அமைய வேண்டும் என்பது மீனவரின் தொழில் நுணுக்கம் மட்டுமன்று. வலையின் கண் ஒரு விரற்கடை குறுகினால், முட்டையிட்டுத் தன் இனத்தைப் பெருக்க வேண்டிய மீன், பருவமடையும் முன்னரே சந்தைக் கூடையை அடைகின்றது. கண் அளவுக்கு மீறி அகன்றால் மீனவரின் படகு வெறுமையாகத் திரும்புகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டறிவது எங்ஙனம்? அவ்வளவுக்கு ஏற்ப வலையை முடைவது எங்ஙனம்? களப்பணியாளரும் ஆசிரியரும் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் வகையில் இக்கட்டுரை அவற்றை விளக்க முற்படுகின்றது.

உல்லத்தின் வாழ்க்கை

உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றுக்கு வரும் மீன். பருவமழைக் காலமே இதன் பெரிய வலசைக் காலமாகும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் சிறிய அளவில் மற்றொரு வலசையும் நிகழ்வதுண்டு. ஒரு பெண் மீன் தன் அளவுக்கு ஏற்ப ஒரு லட்சத்திலிருந்து பல லட்சம் முட்டைகள் வரை இடும். நீரின் வெப்பம் தக்கதாக இருப்பின், ஏறத்தாழ ஒரு நாளில் முட்டைகள் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் சில மாதங்கள் வளர்ந்து, பின்னர்க் கடலை நோக்கிச் செல்கின்றன. இவ்வாறு கீழிறங்கும் இளமீன்களை மேற்கு வங்கத்தில் ‘கோக்கா இலிஷ்’ என்றும், வங்கதேசத்தில் ‘ஜாட்கா’ என்றும் அழைக்கின்றனர்.

இம்மீனின் பாதையில் மனிதன் எழுப்பிய தடைகள் பல. கங்கையின் குறுக்கே ஃபரக்கா அணை 1975இல் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் அலகாபாத் வரையிலும், அதற்கு அப்பாலும் உல்லம் ஏறிச் சென்றது. அதன் பின்னர் மேற்பகுதியில் இம்மீன்பிடி மிகவும் குன்றிவிட்டது. தமிழகத்திலும் இதற்கு ஒத்த வரலாறு உண்டு. கொள்ளிடத்தில் கீழணை 1836ஆம் ஆண்டளவில் எழுந்தபின், ஏறி வரும் உல்லங்கள் அணையின் அடியில் தேங்கி நின்றன. 1909ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் மீன் வல்லுநராகிய எச். சி. வில்சன் அவ்வணையின் மீன்வழிகளை ஆராய்ந்து, அங்கே உல்லக் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கும் திட்டத்தையும் முன்வைத்தார். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், காவிரியின் வெள்ளப்போக்கு மாறி, அங்கு உல்லத்தின் வரவு மேலும் அருகியது.

அணைகளை நாம் எளிதில் அகற்ற இயலாது. ஆயின் வலையின் கண்ணை அகற்றலாம். ஆகவேதான் வலையைப் பற்றிய அறிவு இன்றியமையாததாகின்றது.

அமெரிக்க ஆறுகளில் தூண்டில் முறை

உல்லத்தின் உறவினமாகிய அமெரிக்க ஷாட் என்னும் மீன், அந்நாட்டின் கிழக்குக் கரையில் கனெக்டிகட், டெலவேர் முதலிய ஆறுகளில் வசந்த காலத்தில் ஏறுகின்றது. 1871இல் சேத் கிரீன் என்பவர் இதன் குஞ்சுகளை மேற்குக் கரையிலுள்ள சாக்ரமெண்டோ ஆற்றில் கொண்டுபோய் விட்டார். அங்கும் அது பெருகியது. இம்மீனை அங்குள்ளோர் வலையால் மட்டுமின்றி, ஜிக் எனப்படும் ஈயத்தலைத் தூண்டிலாலும் பிடிக்கின்றனர்.

ஷாட் மீனுக்குரிய ஜிக்கின் அமைப்பு எளிமையானது. சிறிய தூண்டில் முள்ளின் கழுத்தைச் சுற்றி ஈயத்தைக் கூம்பு வடிவில் வார்க்கின்றனர். கூம்பின் அகன்ற முகப்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். நீரோட்டம் அச்சாய்வில் மோதும்போது தூண்டில் மேலும் கீழும் துள்ளும். முள்ளின் தண்டில் மான்வால் மயிரைச் சிறு கற்றையாகக் கட்டுவர். தலைக்குச் சிவப்பும் வெள்ளையும், அல்லது மஞ்சள் போன்ற மின்னும் வண்ணமும் பூசுவர். நிறை பெரும்பாலும் 1 கிராமிலிருந்து 7 கிராம் வரை அமையும். ஆழமும் ஓட்டமும் மிகுந்த இடத்துக்குக் கனமானதையும், ஆழமற்ற அமைதியான இடத்துக்கு இலேசானதையும் தேர்வர். ஷாட் மீன்கள் ஆற்றின் அடிப்பகுதியை ஒட்டியே பெரிதும் ஏறுவதால், தூண்டில் அடித்தரைக்குச் சற்று மேலே தவழுமாறு நிறையைத் தேர்வதே இதிலுள்ள நுட்பம். ஈயத்தை உருக்கி வார்க்கும்போது அதன் ஆவி உடலுக்குத் தீங்கு விளைக்குமாதலால், காற்றோட்டமுள்ள வெளியிடத்திலேயே அவ்வேலையைச் செய்தல் வேண்டும். அச்சில் ஈரம் சிறிதும் இருத்தலாகாது.

வலசையின்போது ஷாட் மீன் பெரும்பாலும் உணவு கொள்வதில்லை. எனினும், கண்முன் மின்னித் துள்ளுவதைக் கவ்வும் இயல்பு அதற்கு உண்டு. தூண்டில் பயன்படுவது அவ்வியல்பினாலேயே எனக் கருதப்படுகின்றது. நம் உல்லமோ, நுண்ணிய மிதவை உயிர்களையும் பாசிகளையும் செவுள் முட்களால் வடிகட்டி உண்பது. ஆகவே தூண்டிலைக் கொண்டு உல்லத்தைத் தொழிலாகப் பிடித்தல் நம் ஆறுகளில் வேரூன்றவில்லை. ஹூக்ளியில் படகிலிருந்து இறக்கி மூடும் சாங்லா என்ற வலையும், ஆற்றோட்டத்தில் மிதக்கவிடும் செவுள் வலையும் வழக்கில் வந்துள்ளன. அமெரிக்கத் தூண்டில்காரர் நிறையைத் தேர்வதில் காட்டும் கவனத்தை, நம் மீனவர் கண்ணளவைத் தேர்வதில் காட்ட வேண்டும்.

செவுள் வலை மீனைப் பிடிக்கும் விதம்

செவுள் வலை நீரில் செங்குத்தாகத் தொங்கும் ஒரு திரை. மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பில் குண்டுகளும் கட்டப்பட்டிருக்கும். நூல் கண்ணுக்குத் தெரியாதவாறு மெல்லியதாக இருப்பதால், மீன் அதனை உணராமல் கண்ணினுள் தலையை நுழைக்கின்றது. தலை நுழைந்தபின் உடலின் பருமன் தடுக்கின்றது. பின்வாங்க முயன்றால் செவுள் மூடியில் நூல் மாட்டுகின்றது.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகின்றது. கண்ணின் சுற்றளவு, மீனின் செவுள் மூடியை ஒட்டிய சுற்றளவைவிடப் பெரியதாகவும், உடலின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவைவிடச் சிறியதாகவும் இருத்தல் வேண்டும். மிகச் சிறிய மீன் கண்ணின் வழியே வெளியேறிவிடும். மிகப் பெரிய மீனின் தலையே உள்ளே நுழையாது. அது மோதித் திரும்பிவிடும். இவ்வாறு ஒவ்வொரு கண்ணளவும் தனக்குரிய நீளமுள்ள மீனையே மிகுதியாகப் பிடிக்கின்றது. தானியத்தைச் சல்லடை பிரிப்பதுபோல் வலை மீனைப் பிரிக்கின்றது எனலாம். ஆயின் சல்லடை ஒரு பக்கத்தில் மட்டுமே பிரிக்கும், செவுள் வலையோ இரு பக்கத்திலும் பிரிக்கும்.

கண்ணளவு என்பது யாது?

வலைக்கண் நான்கு பக்கங்களை உடையது. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரையுள்ள நீளம் ஒரு பக்கம். கண்ணை இழுத்துப் பிடித்தால், எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே இரண்டு பக்கங்களின் நீளம் அமையும். இதுவே ‘நீட்டிய கண்ணளவு’. இக்கட்டுரையில் கண்ணளவு என்பது எங்கும் நீட்டிய கண்ணளவையே குறிக்கும். 90 மி.மீ. கண் எனின், ஒரு பக்கம் 45 மி.மீ.; சுற்றளவு 180 மி.மீ. களப்பணியில் எழும் வழக்குகள் பல, ஒருவர் பக்கத்தையும் மற்றொருவர் நீட்டிய அளவையும் கூறுவதனால் விளைவனவே. ஆகவே எவ்வளவைக் கூறுகின்றோம் என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும்.

மீனுக்கு ஏற்ற கண்ணைக் கணித்தல்

வலைத் தொழில்நுட்பத்தில் எளிய வாய்பாடு ஒன்று வழங்குகின்றது. பிடிக்க விரும்பும் மீனின் நீளத்தை உடல்வடிவ எண்ணால் வகுத்தால், ஏற்ற கண்ணளவு கிடைக்கும். ஒடுங்கி நீண்ட மீனுக்கு அவ்வெண் 5. நடுத்தர உடலுள்ள மீனுக்கு 3.5, பருத்த அல்லது மிக அகன்ற உடலுள்ள மீனுக்கு 2.5. உல்லம் ஓரளவு அகன்று, பக்கவாட்டில் தட்டையான மீன். அதற்கு 3.5 என்பதைத் தொடக்க எண்ணாகக் கொள்ளலாம்.

மற்றொரு பொது விதியும் உண்டு. ஒரு கண்ணுக்குரிய சிறந்த நீளத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த மீனும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்த மீனும் அவ்வலையில் அரிதாகவே சிக்கும். இவ்விரு விதிகளையும் சேர்த்துக் கணித்தால் பின்வரும் அளவுகள் பெறப்படும்.

60 மி.மீ. கண்: சிறந்த நீளம் 21 செ.மீ.; சிக்கும் எல்லை ஏறத்தாழ 17 முதல் 25 செ.மீ.
75 மி.மீ. கண்: சிறந்த நீளம் 26 செ.மீ.; எல்லை 21 முதல் 31 செ.மீ.
90 மி.மீ. கண்: சிறந்த நீளம் 31.5 செ.மீ.; எல்லை 25 முதல் 38 செ.மீ.
100 மி.மீ. கண்: சிறந்த நீளம் 35 செ.மீ.; எல்லை 28 முதல் 42 செ.மீ.
110 மி.மீ. கண்: சிறந்த நீளம் 38.5 செ.மீ.; எல்லை 31 முதல் 46 செ.மீ.

மேற்கு வங்க அரசு 2013இல் வெளியிட்ட விதிகளில், 23 செ.மீ.க்குக் குறைந்த உல்லத்தைப் பிடித்தலும் விற்றலும் தடுக்கப்பட்டன, 90 மி.மீ.க்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலையும் விலக்கப்பட்டது. இவ்விரண்டு எண்களும் தனித்தனியே தோன்றியவை போலக் காணப்படினும், அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதை மேற்கண்ட அளவுகள் காட்டும். 60 மி.மீ. கண் தடுக்கப்பட்ட மீனையே தேடிப் பிடிக்கும். 75 மி.மீ. கண் தடுக்கப்பட்டதையும் உரியதையும் கலந்து பிடிக்கும். 90 மி.மீ. கண்ணில் 23 செ.மீ. மீன் பெரும்பாலும் நழுவிச் செல்லும். அளவுகோலைக் கையிலேந்தி ஒவ்வொரு மீனையும் சோதிப்பதைவிட, வலையே அச்சோதனையைச் செய்துவிடுவது மேலன்றோ?

எனினும் இவ்வெண்களை மாறாத உண்மையாகக் கொள்ளுதல் தவறு. சினையுற்ற பெண் மீனின் உடல் அகலும். முட்டையிட்டுத் திரும்பும் மீனின் உடல் ஒடுங்கும். உடல்வடிவ எண் 3.5க்குப் பதிலாக 3 ஆயின், 90 மி.மீ. கண்ணுக்குரிய சிறந்த நீளம் 27 செ.மீ. ஆகக் குறையும். ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. அளக்கும் முறையைப் பின்னர்க் காண்போம்.

நூலைத் தேர்தல்

முற்காலத்தில் பருத்தி நூலும் சணல் நூலுமே வலைக்குப் பயன்பட்டன. அவை நீரில் அழுகுவதால் துவர்ப்பேற்ற வேண்டியிருந்தது. வங்கத்தில் காப் காயின் சாற்றில் வலையை ஊறவைத்து உலர்த்துவர். தமிழகக் கடற்கரையில் அதே இனத்தைச் சேர்ந்த பனிச்சங்காயின் சாறு இதற்குப் பயன்பட்டது. கொச்சியில் 1957இல் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் தோன்றியபின், நைலான் போன்ற செயற்கை நூல்கள் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் முறையாக வளர்ந்தது. நைலான் அழுகுவதில்லை, ஒரே பருமனுள்ள பருத்தி நூலைவிட வலிமை மிக்கது, நீரில் மென்மையாக நின்று மீனை ஏமாற்றுவது. ஆயின் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் அதன் வலிமை குன்றும். வலையை நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

நூலின் பருமனுக்கும் ஒரு விதி உண்டு. நூலின் விட்டம் கண்ணின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 0.005 பங்கு இருப்பது பொதுவாக ஏற்றது. அமைதியான நீரில் இதில் பாதியளவும், வேகமான ஓட்டத்தில் இருமடங்கு வரையும் கொள்ளலாம். 100 மி.மீ. கண்ணுக்குப் பக்கம் 50 மி.மீ.; ஆகவே நூலின் விட்டம் 0.25 மி.மீ. முதல், வெள்ளமோடும் ஆற்றில் 0.5 மி.மீ. வரை அமையலாம். நூல் பருத்தால் மீன் அதனை உணர்ந்து விலகும். மெலிந்தால் அறுபடும், மீனின் தசையையும் வெட்டும்.

கடையில் நைலான் நூலை 210/2/3 என்பன போன்ற எண்களால் குறிப்பர். 210 என்பது இழையின் டெனியர். அதாவது 9,000 மீட்டர் இழையின் நிறை 210 கிராம். 2 இழைகள் சேர்ந்து ஒரு புரி. 3 புரிகள் சேர்ந்து ஒரு நூல். மொத்தம் 6 இழைகள், 1,260 டெனியர். முறுக்கினால் நீளம் சற்றுக் குறைவதை விட்டுவிட்டால், இந்நூலின் ஒரு மீட்டர் 0.14 கிராம் நிறையுடையது.

வலை முடைதல்

இன்று வலைத்துணி பெரும்பாலும் இயந்திரத்தில் முடையப்பட்டே சந்தைக்கு வருகின்றது. எனினும் கிழிந்த வலையைச் செப்பனிடக் கைத்திறனே தேவை. பள்ளியில் கற்பிப்பதற்கும் இது தக்கது. தேவையான கருவிகள் இரண்டு. ஒன்று, நூல் சுற்றிய வலை ஊசி. மற்றொன்று, கண்ணின் அளவை நிலைநிறுத்தும் மூங்கிற் பட்டை.

பட்டையின் அளவைக் கணித்தே செதுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் அரைக் கண்ணே உருவாகின்றது. அதன் இரண்டு பக்கங்களும் பட்டையைச் சுற்றியே அமைகின்றன. ஆதலால் பட்டையின் சுற்றளவு நீட்டிய கண்ணளவுக்குச் சமமாதல் வேண்டும். 100 மி.மீ. கண்ணுக்கு அகலமும் கனமும் சேர்ந்து 50 மி.மீ. இருக்க வேண்டும்; கனம் 4 மி.மீ. எனின் அகலம் 46 மி.மீ. பட்டையின் விளிம்புகளை நன்கு இழைத்து மழுக்குதல் வேண்டும்.

முடையும் முறை வருமாறு. மேல்வரிசைக் கண்ணின் அடிவளைவுக்குக் கீழே பட்டையைப் பிடிக்க வேண்டும். ஊசியின் நூல் பட்டையின் முன்புறமாக இறங்கி, அடியில் சுற்றிப் பின்புறமாக மேலேறி, மேற்கண்ணின் வளைவுக்குள் பின்னிருந்து முன்னாக வர வேண்டும். அவ்வளைவு பட்டையின் மேல்விளிம்பைத் தொடும்வரை நூலை இழுத்து, இடக்கைப் பெருவிரலால் அவ்விடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர் நூலை இடப்புறமாக வளைத்து மேலே எறிந்து, ஊசியை மேற்கண்ணின் இரு கால்களுக்கும் பின்னே செலுத்தி, எறிந்த வளையத்தின் வழியாக வெளிக்கொணர்ந்து இறுக்க வேண்டும். பெருவிரல் நழுவினால் முடிச்சு வளைவின் கீழே விழுந்து இளகிவிடும். நைலான் வழுக்கும் தன்மையுடையதாகையால், கையால் முடையும்போது முடிச்சை இரட்டையாக இடுவது நன்று.

வலையைக் கயிற்றில் தொங்கவிடுதல்

முடைந்த வலைத்துணியை அப்படியே நீட்டிக் கயிற்றில் கட்டினால், கண்கள் மூடிக்கொள்ளும். துணியைச் சுருக்கி, அதன் நீட்டிய நீளத்தைவிடக் குறைந்த கயிற்றில் கட்டினால்தான் கண்கள் திறக்கும். கயிற்றின் நீளத்தை நீட்டிய துணியின் நீளத்தால் வகுத்தால் தொங்கல் விகிதம் கிடைக்கும். செவுள் வலைக்கு இது பெரும்பாலும் 0.5 ஆக அமைகின்றது.

இவ்விகிதத்துக்கும் கண்ணின் உயரத்துக்கும் உள்ள தொடர்பு பைத்தாகரஸ் தேற்றத்தால் விளங்கும். விகிதம் 0.5 எனின், 100 மி.மீ. கண்ணின் அகலம் 50 மி.மீ.; உயரம் ஏறத்தாழ 87 மி.மீ. உல்லம் உயர்ந்து தட்டையான உடலுடையதாகையால், இவ்வாறு நெடிது நிற்கும் கண் அதன் வடிவுக்கு ஒத்துப்போகின்றது. விகிதம் 0.7 அளவுக்கு உயர்ந்தால் கண் சதுரமாகும். அப்போது துணி மிகுதியான பரப்பை மூடும், ஆயின் இறுக்கமாக நிற்கும். விகிதம் 0.5க்கும் குறைந்தால் துணி தளர்ந்து, எல்லா அளவு மீன்களையும் சுற்றிப் பின்னிக்கொள்ளும். கண்ணளவால் பெறும் பயன் கெடும். கண்ணளவு விதிப்படி இருந்தும் வலையில் இளமீன்கள் பல சிக்குவதாகக் கண்டால், களப்பணியாளர் தொங்கல் விகிதத்தை ஆராய்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: நீளவாக்கில் 1,000 கண்களும் ஆழவாக்கில் 60 கண்களும் உடைய 100 மி.மீ. வலைத்துணியைக் கொள்வோம். நீட்டிய நீளம் 100 மீட்டர்; 0.5 விகிதத்தில் கயிறு 50 மீட்டர். நீட்டிய ஆழம் 6 மீட்டர். நீரில் தொங்கும்போது 5.2 மீட்டர். இதற்கு வேண்டிய நூல் எவ்வளவு? ஒவ்வொரு கண்ணுக்கும் 4 பக்கங்கள் எனக் கணித்தால், 60,000 கண்களுக்கு 12,000 மீட்டர். மேற்கூறிய 210/2/3 நூலில் இது 1.7 கிலோ, முடிச்சுகளுக்கு ஆகும் நூலையும் சேர்த்து 2 கிலோ எனக் கொள்ளலாம்.

மிதவையும் குண்டும்

மேற்பரப்பில் மிதந்து செல்லும் வலைக்கு, நீரில் அதன் மொத்த நிறையைவிட ஏறத்தாழ இருமடங்கு மிதப்பாற்றல் வேண்டும். நீரில் மூழ்கிய பொருளின் நிறை குறைவதை ஆர்க்கிமிடீஸ் விதி கூறும். நைலானின் ஒப்படர்த்தி 1.14, எனவே 2 கிலோ நைலான் நீரில் கால் கிலோ நிறையே உடையது. ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3, மேற்சொன்ன வலையில் அரை மீட்டருக்கு ஒன்றாக 20 கிராம் குண்டு 100 கட்டினால், மொத்தம் 2 கிலோ, நீரில் 1.82 கிலோ. இரண்டும் சேர்ந்து 2.07 கிலோ. கயிறுகளை விட்டுக் கணித்தால், வேண்டிய மிதப்பாற்றல் 4.1 கிலோ. ஒரு மிதவை 50 கிராமைத் தாங்குமாயின் 82 மிதவைகள் தேவை. அதாவது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு ஒன்று. சுட்ட களிமண் குண்டுகளும் வழக்கில் உண்டு. களிமண்ணின் அடர்த்தி குறைவாகையால் அவற்றின் நிறையை மிகுதிப்படுத்த வேண்டும். ஆயின் அவை ஆற்றில் தவறி வீழ்ந்தாலும் ஈயத்தைப்போல் நஞ்சு விளைப்பதில்லை.

களத்தில் அளத்தலும் வகுப்பில் கற்பித்தலும்

ஒரு கண்ணை மட்டும் அளந்து முடிவுசெய்தல் கூடாது. நனைந்த வலையில், ஓரங்களையும் செப்பனிட்ட இடங்களையும் தவிர்த்து, தொடர்ச்சியாக 20 கண்களை ஆழவாக்கில் நீட்டி அளந்து 20ஆல் வகுக்க வேண்டும். வலையின் மூன்று இடங்களில் இவ்வாறு அளந்து சராசரி கொள்ளுதல் நலம். மீனவரின் கண்முன்னே, அவரே அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க அளப்பது ஐயத்தையும் பூசலையும் தவிர்க்கும்.

ஆசிரியர்கள் மாணவருடன் மீன் சந்தைக்குச் சென்று எளிய ஆராய்ச்சி ஒன்றை நடத்தலாம். உல்லம் கிடைக்காத ஊரில் மத்தி முதலிய வேறு மீன்களைக் கொண்டும் இதனைச் செய்யலாம். ஒவ்வொரு மீனின் நீளத்தையும் முதலில் குறிக்க வேண்டும். பின்னர் ஒரு நூலைச் செவுள் மூடியின் பின்விளிம்பை ஒட்டிச் சுற்றி அச்சுற்றளவையும், முதுகுத் துடுப்பின் முன்னே பருத்த இடத்தில் சுற்றி மற்றொரு சுற்றளவையும் குறிக்க வேண்டும். ஐம்பது மீன்களை அளந்து வரைபடத்தில் இட்டால், நீளத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பு ஒரு நேர்கோடாகத் தோன்றும். 180 மி.மீ. என்ற கிடைக்கோட்டை அதன்மேல் வரைந்தால், 90 மி.மீ. கண்ணில் எந்நீள மீன்கள் சிக்கும் என்பது வெளிப்படும். உடல்வடிவ எண்ணை நூலில் படித்து ஏற்பதற்கும், தாமே அளந்து காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்வர்.

மீனவரின் கேள்வி

“நான் விட்டுவிட்ட மீனை அடுத்த படகு பிடித்துவிடுமே, பிறகு என் வீட்டு அடுப்பு எரிவது எப்படி?” என்று மீனவர் கேட்பது இயற்கை. இக்கேள்வியை அறிவுரையால் மூடிவிட முயல்வது நேர்மையன்று. புதிய வலைக்குப் பணம் வேண்டும்; பழைய வலைக்கு வாங்கிய கடனே பலருக்குத் தீர்ந்திராது. முதற்பருவத்தில் அகன்ற கண் குறைந்த மீனையே தரும் என்பதையும் மறைத்தல் கூடாது.

ஆயினும் கணக்கு ஒன்றை அவர்முன் வைக்கலாம். உடல்வடிவம் மாறாத மீனின் நிறை, நீளத்தின் முப்படிக்கு ஏற்ப மிகும். 15 செ.மீ. உல்லம் 30 செ.மீ. ஆக வளர்ந்தால், நீளம் இருமடங்கு, நிறையோ எண்மடங்கு. சிறிய மீன் கிலோ ஒன்றுக்குப் பெறும் விலையும் குறைவு. ஆகவே எட்டு இளமீன்களின் நிறைக்கு ஒரு வளர்ந்த மீன் ஈடாகும். விலையில் அதற்கும் மேலாகும். இளமீன்கள் அனைத்தும் உயிர் பிழைத்து வளர்வதில்லை என்பது உண்மையே. எட்டில் ஒன்று மட்டும் பிழைத்து வலைக்குத் திரும்பினாலும் நட்டமில்லை, இரண்டு திரும்பினால் ஆதாயம். அம்மீன் அதற்கிடையில் ஒருமுறை முட்டையிட்டிருக்குமாயின், அந்த ஆதாயத்துக்கு அளவில்லை.

இக்கணக்கு ஒரு படகுக்குப் பொருந்தாது. ஆற்றங்கரை முழுவதும் ஒன்றாக நடந்தால் மட்டுமே பொருந்தும். எனவே தனி மீனவரைத் தண்டிப்பதைவிட, ஒரு துறையைச் சேர்ந்த படகுகள் அனைத்தும் ஒரே பருவத்தில் வலையை மாற்ற ஏற்பாடு செய்தலே பயன் தரும். கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக வலைத்துணியைக் கடனாகத் தருதலும், தடைநாட்களில் வேறு வேலைக்கோ உதவித்தொகைக்கோ வழிசெய்தலும் இதனோடு இணைய வேண்டும். வங்கதேசத்தில் இளமீன் பிடிப்பைத் தடுக்கும் மாதங்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரிசி வழங்கும் முறை இக்கருத்தினின்று எழுந்ததே.

கண்ணளவு ஒன்றே உல்லத்தைக் காத்துவிடும் எனக் கூறுவதற்கில்லை. கழிமுகத்தில் நிலையாகக் கட்டப்படும் சிறுகண் பை வலைகள், கடலுக்குத் திரும்பும் குஞ்சுகளை வாரிக்கொள்கின்றன. முட்டையிடும் முழுநிலாவை ஒட்டிய நாட்களில் மீன்பிடியை நிறுத்த மேற்கு வங்க விதிகள் வகைசெய்கின்றன. அதனைக் கடைப்பிடித்தலும் வேண்டும். ஃபரக்காவுக்கு மேலே கங்கையில் உயிருள்ள உல்லங்களை விட்டு, சிலவற்றுக்கு அடையாளக் குறியிட்டு, அவற்றின் போக்கை ஆராயும் பணியைப் பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்டுள்ளது. அவ்வாறு விடப்பட்ட மீனின் வழித்தோன்றல் ஒன்று கடலுக்குச் செல்லும் வழியில் 60 மி.மீ. கண்ணில் மாட்டிக்கொள்ளுமாயின், அத்தனை உழைப்பும் வீணாகும்.

ஆற்றின் வெள்ளத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ வல்லோம் அல்லோம். ஆனால் மூங்கிற் பட்டையின் அகலத்தை நிர்ணயிப்பது நம் கையில் உள்ளது. அடுத்த பருவத்துக்கான வலைத்துணி வாங்கப்படுவது வெள்ளம் வருவதற்கு முன்னரே. களப்பணியாளர் அளவுநாடாவுடன் துறைக்குச் செல்ல வேண்டிய காலமும் அதுவேயாகும்.